பேய்ப் படத்தில் பிரேக் போட்டவர்

மாஹிம் தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தாராவி டாக்ஸிக்காரர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. கார் ரேஸில் தன்னைக் கொன்றவர்களைப் பழிவாங்க, திரையில் ஒரு பேய் கறுப்புக் காரில் துரத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் இவர் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

"அண்ணாச்சி, பேய்க்கு எதுக்குப் பிரேக்கு?" என்றேன்.

"அது செத்தாச்சுல்லா, அதுக்கென்ன! நான் ஆக்சிடென்ட் ஆகி ஆறு மாசமா வண்டியத் தொடல தம்பி. காலு தொழில மறந்துட்டோன்னு பயந்து கெடந்தேன். மறக்கல, பாத்தீயளா!"

இடைவேளையில் வண்டி முதலாளிக்குப் போன் போட்டார். "சேட், நாளைக்குக் காலைல வாரேன், சாவிய எடுத்து வைங்க."

அதற்குப் பிறகு டாக்ஸியில் ஏறினால், ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய வலது காலைத்தான் பார்க்கிறேன்.