கூத்தாநல்லூருக்கு ஒரு திருத்தம்

சனிக்கிழமை காலை 7.40. தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்தில் மன்னார்குடி வண்டி ஏறினேன். போக வேண்டிய ஊர் கூத்தாநல்லூர். நான் சொன்ன ஒரு தப்பான அர்த்தத்தைத் திருத்தப் போகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் வாத்தியார் நான். ஊருக்குப் பத்துப் பேர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்காகவே மாலை வகுப்பு நடத்தினோம். அங்கே படித்துவிட்டுக் குவைத்துக்குப் போன ஜமால் விடுமுறையில் வந்திருந்தார். புதன்கிழமை பூத்திலிருந்து போன் செய்து, கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸில் புரியாத சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஆர், இ, எஸ், ஐ, ஜி, என்.

"ராஜினாமா பண்ணச் சொல்றாங்க ஜமால்."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், ஒன்றுபோலத் தோன்றும் சொற்களை நடத்தினேன். அக்செப்ட் என்றால் ஏற்றுக்கொள்வது. எக்செப்ட் என்றால் தவிர. ரிகவர் என்றால் உடம்பு தேறுவது. நடுவில் ஒரு சிறு கோடு போட்டால், நாற்காலிக்கு மறுபடி உறை தைப்பது. சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். ரிஸைன் நடுவிலும் அதே கோட்டைப் போட்டால் 'மறுபடி கையெழுத்துப் போடு' என்று ஆகிவிடும். ஃபேக்ஸில் அந்தக் கோட்டை விட்டிருந்தால்? ஜமால் வீட்டில் போன் கிடையாது.

வடுவூர் ஏரியைத் தாண்டியதும் இருபுறமும் சம்பா நடவு. கண்டக்டரிடம் வழி கேட்டேன்.

"மன்னார்குடில மாறிக்கங்க. சபுராளிங்க ஊரு, வண்டிக்குப் பஞ்சமில்லை." வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

10.15க்குக் கூத்தாநல்லூர். ஜமால் வீட்டு வாசலில் பாதி அடித்த பெயின்ட். அவரே பிரஷ்ஷோடு நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார்.

"நேத்து சாயந்தரமே ராஜினாமா லெட்டர் அனுப்பிட்டேனே சார்."

"ஃபேக்ஸோட வேற ஏதாவது வந்துச்சா?"

"ஒப்பந்தம் ரெண்டு பக்கம் வந்துச்சு. கணக்கு முடிக்கத்தான்னு நெனச்சேன்."

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். குவைத்தில் மணி எட்டரை, அலுவலகம் திறந்திருந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஜமால் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தார். பேசியவர் ஒரு மலையாளி குமாஸ்தா, தமிழ் தெரிந்தவர்.

"ரெண்டாம் பக்கத்துல உங்க கையெழுத்து விட்டுப்போச்சு, அதைத்தான் கேட்டோம். உங்க லெட்டர் என் மேசைலதான் இருக்கு. மேனேஜர் வர்றதுக்குள்ள அனுப்புங்க."

பூத்தின் மரப்பலகையில் வைத்தே ஜமால் கையெழுத்திட்டார். 11.20க்குத் தாள் போய்ச் சேர்ந்தது. மறுபடி பேசியபோது, பழைய லெட்டரைக் கிழித்துவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார். "என்னை மன்னிச்சிடுங்க ஜமால்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஜமாலின் மனைவி நஃபீசாவிடம் செய்தியைச் சொன்னோம். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "எப்பப் போவணும்?" என்று கேட்டார்.

"இருபது நாள்ல" என்றார் ஜமால்.

சாப்பிடாமல் விடவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது நஃபீசா மெதுவாகச் சொன்னார்: "நீங்க தப்பா சொன்னதுல எனக்கு வருத்தமில்லைங்க சார். கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த மூணு நாள்தான் இவங்க திரும்பிப் போற நாளை எண்ணாம இருந்தாங்க."

2.30 வண்டிக்குக் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது ஜமால் மீதிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நஃபீசா டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.