நூல் கடிக்கும் பல்

அவள் பல் செய்ய ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. தான் செய்த பல் எதையும் ஒரு வாய்க்குள் அவள் பார்த்ததில்லை.

பல் மருத்துவர்களிடமிருந்து லேபுக்கு அச்சு வரும். ரப்பர் போன்ற பசையில் பதிந்த யாரோ ஒருவரின் ஈறு. கூடவே டாக்டரின் சீட்டு, அதில் பல்லின் நிறத்துக்கு ஓர் எண். பின்னறையில் பிளாஸ்டர் அண்ணன் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறைக் கல்லாக எடுத்துக் கொடுப்பார். அதன்மேல் மெழுகு கட்டிப் பற்களை ஒவ்வொன்றாகப் பொருத்துவது அவள் வேலை. அதனால் லேபில் அவள் பெயர் மெழுகு. வருகைப் பதிவேட்டிலும் முதலாளி அப்படித்தான் எழுதுவார்.

டாக்டர்களுக்கும் அங்கே வேறு பெயர்கள்தான். அச்சில் காற்றுக் குமிழி விடுகிறவர் குமிழி. கடைவாய் பதியாமல் அனுப்புகிறவர் முக்கால்வாய். பசை இறுகுவதற்குள் பிடுங்குகிறவர் அவசரம். குறை சொல்ல முடியாத அச்சு ஒரே ஒரு கிளினிக்கிலிருந்துதான் வரும். அந்த டாக்டரம்மாவுக்குப் பொருத்தமாக ஒன்றும் அகப்படாமல், சுத்தம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து கடிதம் வந்தது. லேபில் வேலை பார்த்தவர்களுக்கென்று ஒதுக்கிய சில இடங்களில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டு முறை எழுதித் தவறிய தேர்வு, மூன்றாம் முறை இரண்டாகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சம்மதம் எழுத வேண்டும். மற்றது விட்டால் விட்டதுதான்.

ஒன்று பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த பழைய கல்லூரி. வாசலிலேயே நோயாளிகள் வரிசை ஆரம்பித்துவிடும். ஒரு நாற்காலிக்கு மூன்று மாணவர்கள். இன்னொன்று ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய புதிய கல்லூரி. ஆளுக்கு ஒரு நாற்காலி, ஆளுக்கு ஒரு திரை, பளபளவென்று ஒரு புத்தகமே அனுப்பியிருந்தார்கள்.

அக்காவின் கணவரான மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பழைய கல்லூரியின் லிஃப்டை அவர் இரண்டு முறை திறந்து பார்த்திருக்கிறார்.

"அங்க என்னத்தைப் படிக்கிறது? லிஃப்டுக்கே பல்லு போயிடுச்சு. படியில ஏறுங்கன்னு எழுதி ஒட்டிட்டு வந்தேன்" என்றார்.

"நீங்க பழுது பார்த்த லட்சணம் அப்படி" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

"பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு எதுக்குடி அவ்வளவு தூரம்? ரெண்டு இடத்துலயும் வாயில முப்பத்திரண்டுதானே?" என்றாள் அம்மா.

"நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாத. மேலயா கீழயான்னு ஒரு பட்டனை அமுக்கு. நடுவுல நின்னா கதவு திறக்காது" என்றார் மாமா.

அவளுக்குத் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. பயம் வேறு. ஐந்து வருஷம் படித்து முடித்து, தானும் ஒரு அவசரமாக, ஒரு முக்கால்வாயாக ஆகிவிடக் கூடாது. எங்கோ ஒரு லேபில் இன்னொருத்தி தன் அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எந்தக் கல்லூரி கையைத் திருத்தும் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. லேபில் ஒரு வருஷத்து பிளாஸ்டர் ஈறுகளை அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் டாக்டரின் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டின் தலையில் பட்டமும் படித்த கல்லூரியும் அச்சாகியிருக்கும். திங்கள் முதல் புதன் வரை மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு அவள் அலமாரி முன் உட்கார்ந்தாள். அச்சு எடுத்தவர் செய்த பிழையெல்லாம் பிளாஸ்டரில் அப்படியே நிற்கும். நல்லது, சுமார், மோசம் என்று மூன்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டு வந்தாள்.

"பரீட்சைத் தாள் திருத்துறியா?" என்றார் பிளாஸ்டர் அண்ணன்.

"ஆமாண்ணே. நிறைய பேர் ஃபெயில்."

"என் பிளாஸ்டரையும் சேர்த்து ஃபெயில் ஆக்கிடாத, தாயி."

பழைய கல்லூரியில் படித்தவர்களின் ஈறுகள் தொண்ணூற்று நான்கு. பாதிக்கு மேல் மோசம். அவசரமும் அங்கே படித்தவர்தான், குமிழியும் அங்கேதான். புதிய கல்லூரியில் படித்தவர்களுடையது நாற்பத்தாறு. அதில் நாற்பத்தொன்று நல்லது. அந்த நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு சுத்தத்தின் கிளினிக்கிலிருந்து வந்தவை. அதை அவள் கவனித்தாள். கல்லூரிக்கு அது பெருமை என்று எடுத்துக்கொண்டாள்.

புதன் சாயங்காலம், ரயிலில் போகப் போவதாக வீட்டில் சொன்னாள். மாமா புதிய கல்லூரியின் புத்தகத்தைத் தன்னுடையதுபோல எல்லோருக்கும் காட்டினார். அம்மா பெட்டியின் தூசியைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை சுத்தத்தின் கிளினிக்குக்கு ஒரு மெழுகுப் பல் போக வேண்டியிருந்தது. கடைசியாக வார்ப்பதற்கு முன், மெழுகில் நிற்கும் பற்களை ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்பார்கள். வழக்கமாகக் கொண்டுபோகிறவரிடமிருந்து டப்பாவை அவள் வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் விடுதியைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று.

கிளினிக் இரண்டே அறை. உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயில் பசைத் தட்டோடு கண்களை உருட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது ஐம்பது வயதுள்ள ஓர் உதவியாளர். டாக்டரம்மா மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சின்ன வயசு.

"மூக்கால மூச்சு விடுங்க சார். ஆ, அப்படித்தான். உங்க வீட்டம்மாவுக்கு இப்படி வாயை அடைச்சு வெச்சா எவ்வளவு சந்தோஷம் பாருங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா திரும்ப முதல்ல இருந்து" என்றார் உதவியாளர்.

தட்டு வெளியே வந்தது. ஒரு குமிழி இல்லை.

"அச்சு இவங்களா எடுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"அக்காதான் எப்பவும்" என்றார் டாக்டரம்மா. "நான் எடுத்தா ஆளு வாந்தி எடுத்துடுவாங்க."

"எங்க கத்துக்கிட்டீங்கக்கா?"

"எங்கயும் இல்லம்மா. முன்னாடி பிள்ளைங்க காப்பகத்துல இருந்தேன். முப்பது பிள்ளைங்களுக்கு ஊட்டணும். வாயைத் திறக்க வைக்கிறதுதானே வேலை?"

முப்பத்தெட்டு ஈறுகள் அவள் கணக்கிலிருந்து கழிந்தன. மீதி எட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்படியானால் அவசரத்தின் அச்சை எடுப்பது யார் என்பதும் தெரியாது.

விடுதியைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க காலேஜ்ல ஆளுங்களை எப்ப பார்க்க விடுவாங்க?" என்றாள்.

"நாலாவது வருஷம். அதுவரைக்கும் பொம்மைத் தலைதான். நல்ல பொம்மை. ரப்பர் கன்னம். மோட்டார் வெச்சு எச்சில்கூட வரும்."

"பேசுமா?" என்றார் உதவியாளர்.

"அது ஒண்ணுதான் பேசாது. இந்த ஊர் காலேஜ்ல ரெண்டாவது வருஷமே வாயில கை வைக்கச் சொல்லிடுவாங்க. எனக்குன்னா கை நடுங்கியிருக்கும். இப்பக் கேட்டாலும் நான் என் காலேஜ்லதான் சேருவேன்."

டப்பாவுக்கு உரியவர் வந்து உட்கார்ந்தார். தையல் வேலை செய்கிற அம்மாள். மேல்வரிசை முழுக்கப் போயிருந்தது. டாக்டரம்மா மெழுகுப் பல்லை வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள். அவள் அடுக்கிய பற்கள், நூல் பிடித்தாற்போல, ஒரு மேலுதட்டுக்குக் கீழே இருந்தன. அவை அசைந்து பேசின.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் அந்த அம்மாள். கண்ணாடியை இறக்கவில்லை. "ஆனா யாரோ மாதிரி இருக்கேன். எனக்கு முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் திரும்பி இருக்கும். அதுலதான் நூலைக் கடிப்பேன்."

"இனிமே கத்தரியால வெட்டுங்க. கடிச்சா நூலோட பல்லும் வந்துடும்" என்றார் உதவியாளர்.

"கடிக்க மாட்டேன்மா. இருந்தா போதும்."

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். "லேபுக்கு எடுத்துட்டுப் போய் மாத்தறீங்களா?"

"விளக்கு இருக்கா?"

உதவியாளர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். அவள் மெழுகுக் கத்தியைச் சூடாக்கி, முன்பல்லைச் சுற்றி மெழுகை இளக்கி ஒரு மயிரிழை திருப்பினாள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம். திருப்பினாள். அதிகம். குறைத்தாள். ஐந்தாவது முறை அந்த அம்மாள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நாக்கால் தடவிப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். பிறகு, "வலது பக்கமா, இடது பக்கமான்னே மறந்துட்டேன் பாரு. நாக்குக்கு ஞாபகம் இருக்கு."

அந்த ஐந்து முறையும் தன் கை என்ன செய்தது என்பதை பஸ்ஸில் அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த உதட்டருகே பல்லை நீட்டியபோது இரண்டு முறை விரல் நடுங்கியது. ஏழு வருஷத்தில் பிளாஸ்டர் முன்னால் நடுங்கியதில்லை. மூன்று வருஷம் பொம்மை முன்னாலும் நடுங்காது. பிறகு நடுங்கும்.

வீட்டில் மாமா ரயில் நேரம் பார்த்து வைத்திருந்தார்.

"மாமா, நான் இங்கயே சேர்றேன்."

"இங்கயேன்னா? அந்த லிஃப்ட் காலேஜா?"

"ஆமா."

"நேத்து நூத்துக்கணக்குல எண்ணிட்டு வந்து சொன்னியே?"

"தப்பா எண்ணிட்டேன்."

அவர் புத்தகத்தை ஒருமுறை புரட்டினார். "ஆளுக்கு ஒரு நாற்காலிடி" என்றார்.

"இங்க ஆள் இருக்கு மாமா. நாற்காலிதான் இல்ல."

"பெட்டியை வீணா துடைச்சேன்" என்றாள் அம்மா. குரலில் குறை ஒன்றும் இல்லை.

சரியாகத்தான் முடிவு செய்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவசரமும் அந்த நெரிசலில் படித்தவர்தான். அதை மறக்காமல்தான் வெள்ளிக்கிழமை காலை சம்மதத்தை எழுதி அனுப்பினாள். வேலையிலிருந்து விலகும் கடிதத்தையும் எழுதி முடித்துவிட்டு லேபுக்குப் போனாள்.

"அவசரம் காலேஜா?" என்றார் பிளாஸ்டர் அண்ணன். "அப்ப உனக்கு இப்பவே பேரு யோசிச்சு வைக்கிறேன்."

"அஞ்சு வருஷம் கழிச்சு என் அச்சைப் பார்த்துட்டு வைங்கண்ணே."

கல்லூரி திறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. மேஜையில் முக்கால்வாயிடமிருந்து வந்த ஒரு மேல்வரிசை காத்திருந்தது. கடைவாய் வழக்கம்போலப் பதிந்திருக்கவில்லை. சீட்டில் நிறத்தின் எண் மட்டும். அவள் மெழுகை உருக்க வைத்துவிட்டு, சீட்டின் தலையில் அச்சாகியிருந்த கிளினிக் எண்ணுக்குப் போன் செய்தாள்.

"லேபிலிருந்து பேசறேன். இந்தப் பல்லு வைக்கிறவங்க யாரு, எப்படி இருப்பாங்க?"

"எதுக்கு?" என்றது மறுமுனை. "நிறம் எழுதியிருக்கே."

"இருக்கு. ஆளு எப்படின்னு கேட்டேன்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இருங்க, இங்கதான் வெளியே உட்கார்ந்திருக்காரு. அவர்கிட்டயே குடுக்கிறேன்."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தாள்.