பார்க்டேல் எட்டாம் மாடியில் இடித்த பாட்டு

கிட்டாருக்கு எத்தனை கம்பி என்று கேட்டால் கிறிஸ்துநாயகம் ஐந்தோ ஆறோ என்று இழுப்பார். ஆனாலும் நாற்பது வருடமாக ஹொக்கி மைதானங்களை அதிரவைக்கிற ஒரு ஹெவி மெட்டல் பாட்டின் தாளம் தன்னுடைய மிளகாய்த்தூளில் பிறந்தது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் மனைவி பாலேஸ்வரிக்குத்தான். இப்போது குடியிருக்கும் மல்வேர்னில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்டுமுன் அவர் இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். இவருக்குப் பசி வந்தால் இப்படித்தான் என்று சொல்லி அவள் இழுத்துக்கொண்டு போவாள்.

நடந்தது இதுதான். எண்பத்தைந்தாம் ஆண்டு, ஊரைவிட்டு வந்த புதிதில், பார்க்டேலில் எட்டாம் மாடியில் ஓர் அறை வீட்டில் ஆறு பேர். கடைத் தூள் ஒருவருக்கும் வாய்க்கு ஒத்துவராது. ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்து, மிளகாயும் மல்லியும் வறுத்து, இரும்பு உரலில் இரண்டு உலக்கை போட்டு இடிப்பார்கள். ஒன்று எழும்ப மற்றது விழும். ஒன்று கிறிஸ்துநாயகத்தினுடையது, மற்றது அறைத்தோழன் யூட்சனுடையது. யூட்சனுக்கு ஞாயிறு வேலை கிடைத்தபின் அவர் தனியே இடித்தார். கை பழகிவிட்டதே, யூட்சனின் அடிக்கு இடம் விட்டுவிட்டே இடித்தார்.

மூன்றாம் ஞாயிறு அந்த இடைவெளியில் தரைக்கு அடியிலிருந்து ஓர் இடி விழுந்தது. ஏழாம் மாடியிலிருந்த கோர்டி, இடுப்புவரை தலைமயிர் வளர்த்த கிட்டார்க்காரன், சத்தத்தை நிறுத்தச் சொல்லித் தரை பெருக்கும் தும்புத்தடியால் மேலே கூரையில் இடித்தான். கிறிஸ்துநாயகமோ, ஆள் குறைந்தது தெரிந்து கைகொடுக்கிறான், நல்ல மனுஷன் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார். கோர்டியும் கூட்டினான். அன்று வறுத்த மிளகாய்க்கு அடுத்த நகரமான ஹமில்டன் வரைக்கும் சனம் தும்மியது என்பார் கிறிஸ்துநாயகம். அதில் பாதியை நம்பினால் போதும். சில மாதத்தில் தடிக்குப் பதிலாகக் கிட்டார் பதில் சொல்லத் தொடங்கியது. அடுத்த வருடம் பாட்டு வெளிவந்தது. பெயருக்கு ‘அவன் நிறுத்தமாட்டான்’ என்று பொருள். யமனைப் பற்றிய பாட்டு என்றார்கள் சிலர், அணுகுண்டைப் பற்றியது என்றார்கள் வேறு சிலர்.

இந்த வருடம், பாட்டின் நாற்பதாண்டு நிறைவுக்கு வானொலியில் பேசிய கோர்டி, அந்தத் தாளம் பார்க்டேல் வழியாகப் போன சரக்கு ரயிலில் கேட்டது என்று சொல்லிவிட்டார்.

"ரயிலாம்," என்றாள் பாலேஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லில் கிறிஸ்துநாயகத்துக்கு நித்திரை போனது. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சனிக்கிழமை குவீன் தெருவில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கோர்டி கையெழுத்துப் போடுகிறார். நேரே போய்க் கேட்பது. இல்லை என்றால் கிறிஸ்துநாயகம் இனி அந்தக் கதையை எங்கும் எடுக்கக்கூடாது. அதுவும் போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது, ஓர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் முப்பது வருடம் தட்டுக் கழுவிய கதைதான். அதைக் கேட்க யார் கேக்கை விட்டு வருவார்கள்?

உரலை அவர் ஒரு தள்ளுவண்டியில் கட்டினார். அது ஏறியபோது பஸ் ஒரு பக்கமாகச் சரிந்தது. உலக்கையைப் பிடித்தபடி பாலேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடை நிறையக் கறுப்புச் சட்டைகளும் வழுக்கைத் தலைகளும். கிறிஸ்துநாயகத்தின் முறை வந்தது. மேசையடியில் உரலை வைத்து, ஒரு கை வறுத்த மிளகாய் போட்டு, தன் அடியை மட்டும் இடித்தார். வரிசை தும்மியது. நாலாவது இடியில், மோதிரம் போட்ட கோர்டியின் கை தன்பாட்டில் மேசையில் இறங்கியது, சரியாக யூட்சனின் இடத்தில்.

கோர்டி எழும்பினார். முகம் சிவந்திருந்தது. எட்டாம் மாடியா என்று கேட்டார். ஒரு வருடம் தன்னை ஒரு ஞாயிறும் தூங்கவிடவில்லை என்றும், முதலில் மன்னிப்புக் கேட்டால்தான் மற்றக் கதை என்றும் சொன்னார்.

"சொறி எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்," என்றாள் பாலேஸ்வரி மெல்ல. "அந்தாள் ஒப்புக்கொண்டிட்டாரெல்லே."

"பத்து மணிக்கு இடிச்சனான், பாலேஸ். பத்து மணிக்கு மனுசர் நித்திரை கொள்ளுறதே? சொறி சொன்னா அந்தப் பாட்டும் பிழையெண்டு வரும். நான் சொல்லமாட்டன்."

அதையே ஆங்கிலத்தில் கோர்டிக்கும் சொன்னார், சத்தமாக.

கோர்டி மேசையைச் சுற்றி அவரிடம் வந்தார். பிறகு தோளில் கையைப் போட்டு வரிசையின் பக்கம் திருப்பினார். ரயில் கதை சுத்தப் பொய் என்றார். மேல்வீட்டுச் சமையலிடம் தோற்றேன் என்று எந்த மெட்டல்காரன் சொல்வான்? பாட்டில் நிறுத்தமாட்டாதவன் இவன்தான் என்றார்.

முதலில் நின்றவன் தன் இசைத்தட்டை கோர்டியைத் தாண்டிக் கிறிஸ்துநாயகத்திடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தகப்பன் பெயரில் தொடங்கித் தன் முழுப் பெயரையும் தமிழில், அவசரப்படாமல் எழுதினார். உறையில் கோர்டிக்கு ஒரு தபால்தலை அளவு இடம் மிஞ்சியது. பேனாவுக்காகக் கோர்டி காத்துக்கொண்டு நின்றார்.