கொடுத்த தேனைத் திருப்பி வாங்கிய வேட்பாளர்

என் தம்பி பேச்சிராஜ் இப்போது ஊராட்சித் தலைவர். பாபநாசம் மலையடிவாரத்தில் வேங்கைப்பாறை என்னும் காணிப் பழங்குடிக் குடியிருப்பு எங்களுடையது. எங்கள் ஊராட்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் காணிக்காரன் அவன்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவன் கதையைப் பிறர் சொல்லும்போது ஏதாவது ஒன்று தவறிவிடுகிறது. ஏணி வைத்துக் கோபுரத்தில் ஏறிப் பெயர் வாங்கினான் என்கிறார்கள். அவன் ஏணியைத் தொட்டதே கிடையாது. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன். வீட்டில் எங்கள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலைக்குக் கீழே உள்ள கீழூர்க்காரர்கள் பேச்சில் தந்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பேட்டை ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தான். பிறகு கிருபைராஜ் அண்ணாச்சியின் எலக்ட்ரிக் கடையில் சேர்ந்தான். முதன்முதலாக வேலைக்குப் போனது கீழூரின் கீழத்தெருவில் பீடி சுற்றும் இசக்கித்தாய் வீட்டுக்கு. அம்மை ஒரு பாட்டில் மலைத்தேனைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினாள். ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வாசல் மிதிக்க மாட்டார்கள். தேனோ கிழங்கோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை நெல்லிக்காயாவது வேண்டும்.

"வெல என்னலே?" என்று கேட்டாள் இசக்கித்தாய்.

"வெலைக்கு இல்ல சித்தி. மொத தடவ வாரேம்லா."

"கரண்டு வேல பாக்க வந்த பய சீர் கொண்டாந்திருக்கான் பாருங்கட்டி!" என்று அவள் சிரித்தது தெருக்கோடி வரை கேட்டதாம்.

அவனுக்குப் பெயர் வந்தது கீழூர்க் கோயில் கொடைத் திருவிழாவில். கோபுரத்தில் சீரியல் விளக்குக் கட்ட எல்லாரும் ஏணி தேடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உயர்ந்த மரத்தில் தேன் எடுக்க, கணுவில் கால் வைக்கும்படி கிளை நறுக்கிய ஒற்றை மூங்கிலைச் சாத்தி ஏறுவோம். அவன் அதைக் கொண்டுபோய்ச் சாத்தி, விளக்குக் கட்டி இறங்கிவிட்டான். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டச் சர்ச்சிலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் விளக்குக் கட்டியவன் டார்ச் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் குடியிருப்பு வரை ஒரு விளக்குக்கம்பம் கிடையாது. கரடி நடமாடும் பாதை. ஊராட்சியில் கேட்டால், "பத்து வீட்டுக்கு எதுக்குவே கம்பம்?" என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகுதான், எங்கள் தலைவரான மூட்டுக்காணி எல்லாரையும் கூட்டி வைத்து, "கேக்க எடத்துல நிக்காத. குடுக்க எடத்துல போய் உக்காரு" என்றார். பேச்சிராஜ் மனுத் தாக்கல் செய்தான். கிடைத்த சின்னம் ஏணி. கிருபைராஜ் அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று.

எங்கள் ஓட்டு மொத்தமும் விழுந்தாலும் கீழத்தெரு ஒன்றின் ஓட்டுக்கு ஈடாகாது. எதிரே நின்றவர் உரக்கடைக் கொம்பையா அண்ணாச்சி. பேச்சில் கெட்டிக்காரர். கீழூர்க்காரர்கள் மனசு வைத்தால்தான் எங்கள் பாதையில் விளக்கு எரியும்.

ஓட்டுக் கேட்கப் போன முதல் நாள் அம்மை ஒரு பை நிறையத் தேன் பாட்டில் அடுக்கிக் கொடுத்தாள். ஓட்டென்று கேட்டுப் போவது முதல் தடவை அல்லவா! வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தான். மறுநாளே ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். தேர்தல் அலுவலர் யூனிஸ் மேடம் கையில் கொம்பையா அண்ணாச்சியின் புகார் மனு இருந்தது.

"தேன் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"கைய வீசிக்கிட்டு ஒரு வீட்டுக்கு எப்படி மேடம் போவ?"

"ஓட்டுக் கேக்கணும்னா வீசிக்கிட்டுத்தான் போகணும். எல்லாத்தையும் திரும்ப வாங்குங்க. இன்னொரு புகார் வந்தா வழக்கு."

கொடுத்ததைத் திருப்பி வாங்குவதா? அம்மை அன்று சாப்பிடவில்லை. பேச்சிராஜோ காலிப்பையைத் தோளில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு, "தேனத் திருப்பித் தாங்க. ஓட்ட மட்டும் எனக்குப் போடுங்க" என்றான்.

தெருவே கூடிவிட்டது. "ஓட்டுக்குக் குடுக்கவனப் பாத்திருக்கோம். வாங்கிட்டுப் போறவன இப்பந்தாம்வே பாக்கோம்!" என்றார் ஒருவர். இசக்கித்தாய் பாதி பாட்டிலை நீட்டினாள்.

"மிச்சம் தோசையோட போயிட்டுலே. ஆபீசரம்மாகிட்ட சொல்லிரு."

அதோடு விடவில்லை. "ஃபேன் கடகடங்குது. வந்தது வந்த, பாத்துட்டுப் போ."

டெஸ்டரைத் தேடி அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. நான் முழங்கையால் இடித்ததும் வெளியே எடுத்தான்.

"அதுவும் லஞ்சம்னுருவாங்க சித்தி. ஓட்டு முடியட்டும்."

"அதுவரைக்கும் வேக்காட்டுல கெடக்கணுமாக்கும்? தோத்தாலும் வரணும், பாத்துக்க."

"தோத்தா சீக்கிரமே வருவேன். வேற சோலி இருக்காதுல்லா."

வழியில் டீக்கடையில் இருந்த கொம்பையா அண்ணாச்சி விடுவாரா? "ஏலே, ஒந்தேனால ஊருக்கே சுகர் வந்துரும்னுதான் மனு குடுத்தேன்" என்றார். பேச்சிராஜும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வாங்கின பாட்டிலோடு ஓட்டும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஓட்டு எண்ணும்போது கொம்பையா அண்ணாச்சிதான் முன்னால் போனார். கடைசியாகக் கீழத்தெருப் பெட்டியைத் திறந்தார்கள். ஏணி, ஏணி, ஏணி என்று வந்துகொண்டே இருந்தது. தம்பி ஜெயித்தான்.

மாலை போட்டவர்களிடமிருந்து நழுவி என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பாட்டிலெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்டான்.

பதவியேற்கும் அன்று காலையில் முதலில் போனது கொம்பையா அண்ணாச்சி வீட்டுக்கு.

"இது எதுக்குவே?" என்றார் அவர்.

"ஒங்க வீட்டுக்கு மொத தடவ வாரேன் அண்ணாச்சி."

"எம்மனுவாலதாம்லே நீ செயிச்ச. தெரியுமா?"

"தெரியும். அதான் பெரிய பாட்டிலு."

அண்ணாச்சி மனைவியைக் கூப்பிட்டு இரண்டு காப்பி போடச் சொன்னார். அங்கிருந்து நேராக இசக்கித்தாய் வீடு. அவள் கொடுத்த அரைப் பாட்டிலை நான் நிரப்பி வைத்திருந்தேன். ஃபேனுக்குப் பேரிங் மாற்றி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலைவர் பதவியேற்க வந்தார்.

ஊராட்சியின் முதல் கூட்டத்திலேயே எங்கள் பாதைக்குக் கம்பம் தீர்மானமாயிற்று. குடியிருப்பை ஒட்டிய கடைசிக் கம்பத்து விளக்கை அவனே மாட்டினான். "தலைவரே, ஏணி எடுத்துட்டு வரட்டா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் அவன் ஒற்றை மூங்கிலில் பாதி ஏறிவிட்டான். விளக்கு எரிந்ததும் அம்மை, "கண்ணு கூசுது" என்றாள். ஆனால் வேறு பக்கம் திரும்பவே இல்லை.