சாஃப்ட்டுக்கு ஐந்தாவது பொருள்

அகராதி அலுவலகத்தில் அவளை மிளகாய் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி போடும் இடம் அது. ஒரு பொருளை அச்சேற்ற வேண்டுமானால், யாராவது அதைத் தற்செயலாகப் பேசிக் காதில் விழுந்திருக்க வேண்டும். யார், எங்கே, யாரைப் பற்றிச் சொன்னார் என்று சீட்டில் எழுத வேண்டும். வீட்டார் பேச்சு செல்லாது. இந்தச் சட்டம் அக்காவே போட்டது. மீறியவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது 'சாஃப்ட்' அவளையே படுத்தி எடுத்தது. தலையணை, குரல், நிறம் மூன்றுக்கும் சீட்டு குவிந்திருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தொட்டுப் பார்க்கிற மென்மை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஆதியில் அமைதி, இதம், கலையாத சுகம், இவைதானாம். சொல் வரலாற்றில் அதைப் படித்ததிலிருந்து அக்காவுக்கு அந்தப் பழைய பொருள்மேல் ஒரே மயக்கம். மனிதரைப் பற்றி வந்த சீட்டுகளிலோ, சாஃப்ட் என்றால் ஏமாளி; அது நான்காவது பொருள். இதமான மனிதர் என்ற ஐந்தாவதுக்குச் சீட்டு ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை பக்கம் அச்சுக்குப் போகிறது.

ஞாயிறு மதியம் வீட்டு சோபாவில் அக்காவுக்குக் கண் செருகியது. திரைச்சீலை உப்பி அடங்கியது. சுவரில் வெயில் தண்ணீராய் ஆடியது. வீடே எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. பக்கத்து அறையில் கணவர் மகளிடம் போனில் பேசுவது எட்டத்திலிருந்து வந்தது.

"கத்துவா, யாரு இல்லன்னா? ஆனா உங்கம்மா சாஃப்ட்டுடி. பக்கத்துல உட்கார்ந்தா மனசு அடங்கிடும்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் கலைந்துவிடுமோ என்று பயம். முப்பது வருடத்தில் ஒரு நாளாவது நேரில் சொன்னாரா, பாவி மனுஷன்!

திங்களன்று கணவர் சொன்னதைச் சீட்டில் எழுதி, தானே குறுக்கே கோடும் போட்டாள். சட்டம் சட்டம்தான். 'ஐந்தாம் பொருள் நீக்கம்' என்று எழுதும்போது அழுகை முட்டியது. தலைமைப் பதிப்பாசிரியர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர், அதை வாங்கிப் படித்தார். பிறகு தட்டச்சுக்காரப் பெண்ணிடம் திரும்பினார்.

"வீட்டுக்காரர் சொன்னது செல்லாதுதான். ஆனா சரியாத்தானே சொல்லியிருக்கார்? நம்ம அக்கா சாஃப்ட்டு. அவங்க வந்து உட்கார்ந்ததும்தான் எனக்குப் பதட்டமே அடங்கும்."

அந்தப் பெண்ணும் ஆமாம் என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா புதுச் சீட்டு ஒன்றை இழுத்தாள். யார், எங்கே, இரண்டையும் மளமளவென்று எழுதினாள். 'யாரைப் பற்றி' என்ற இடத்தில் பேனா நின்றது.

"எழுதுங்கக்கா, அச்சகத்துல காத்துட்டிருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

'என்னைப் பற்றி' என்று எழுதினாள் அக்கா.