பத்தொன்பதாம் கிணறு

தொண்ணூறுகளின் நடுவில், நொய்யல் கரைக் கிணறுகளில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. மாதம் ஒருமுறை, காலி பாட்டில்கள் கடகடக்கும் பையோடு சிங்காநல்லூரில் பஸ் ஏறுவேன். கண்டக்டர் என்னை எண்ணெய் வியாபாரி என்றே முடிவு கட்டியிருந்தார்.

சாயத் தண்ணீர் ஓடிய ஆறு. கரைக் கிணறெல்லாம் உப்பு. பத்தொன்பதாம் கிணறு மட்டும் சோதனையில் உப்பே இல்லாத நல்ல தண்ணீராக வந்தது, முதல் மூன்று மாதமும். அடியில் பாறை வெடிப்பு இருக்கிறது, அதன் வழியே நல்ல ஊற்று வருகிறது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். நீல அம்புக்குறி போட்டுப் படம் வேறு.

லேசில் பாராட்டாத என் வழிகாட்டிப் பேராசிரியரே, "இந்த முடிவு நிலைத்தால் உன் பட்டமும் உறுதி" என்றார். "எல்லாம் நீயே உன் கையால் பிடித்ததுதானே?"

"ஆமாம் சார்" என்றேன். பச்சைப் பொய்.

அந்தக் கிணற்றுப் படிகள் இடிந்து கிடந்தன. எனக்குப் பயம். பாட்டிலைத் தோட்டத்து அக்காவிடம் நீட்டி, "மூணு தடவை அலசிட்டுப் பிடிக்கணும், அதுதான் விதி" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் அவர் தந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன். அவர் கிணறு இருக்கும் வீட்டுப் பின்பக்கம் போய் நிரப்பி வருவார்.

பொய் உறுத்தியது. நான்காம் மாதம் நானே கயிறும் வாளியும் கொண்டுபோய்க் கிணற்றில் விட்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். குடல் வரை கரித்தது. துப்பினேன்.

அக்கா பதறி ஓடிவந்தார். "ஏனுங்க அம்மணி, அதையப் போயி வாயில வெக்கறீங்க!"

"அப்ப இத்தனை நாள் பாட்டில்ல குடுத்தது?"

"அது மேக்கால ஊருப் பைப்புத் தண்ணிங்க. எங்கூட்டுக்காரரு நாலு மைலு சைக்கிள் மிதிச்சுக் கொண்டாரது. சோதனைக்குன்னு தெரியுமுங்க. இருந்தாலும், ஊட்டுக்கு வந்தவங்க தண்ணி கேட்டா இந்த உப்பயா குடுக்கறது?"

என் பாறை வெடிப்பு, நீல அம்பு, பட்டம் எல்லாம் அந்தக் கிணற்றடியிலேயே கவிழ்ந்தன. முதலில் சிரிப்புத்தான் வந்தது. கையிலிருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த என்னைக் கண்டு, அக்கா தன்மேல்தான் ஏதோ சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னாப்புலயே அந்தப் பைப்புத் தண்ணியிலயே மூணு தடவ அலசி ஊத்திப்போட்டுத்தானுங்க புடிச்சேன். ஒருக்காக்கூட விட்டதில்லீங்க."

அத்தியாயம் போனதற்கு நான் அழவில்லை. இதற்குத்தான் அழுதேன்.