ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய நாற்பது கம்பி

சங்கிலிப்பாண்டியின் சைக்கிளில் பின்சக்கரக் கம்பிகள் ஆவணி மாதத்திலிருந்தே ஒவ்வொன்றாக முறியத் தொடங்கின. எல்லாம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை ஒட்டிய வளைவில்தான் முறிந்தன. ஒரு கம்பி போனால் அதன் பாரத்தைப் பக்கத்துக் கம்பி தாங்க வேண்டும். நாளடைவில் அதுவும் போகும். மொத்தமாக மாற்றினால்தான் தீரும் என்பது அவருக்குத் தெரியும். சைக்கிள் கடைக்காரர் மகன், அதோடு நூற்பாலையில் ஃபிட்டர்.

இராஜபாளையத்தில் அவர் தெருமுனையிலேயே சைக்கிள் கடை உண்டு. அவரோ வார விடுமுறையன்று காலை சாப்பிட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

அங்கே கடை வைத்திருப்பவர் அவருடைய அண்ணன் இருளப்பசாமி. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. தம்பிக்குப் பெண் பார்த்து, தட்டு மாற்றுவதற்கு நாளும் சொல்லி, வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அண்ணன். தம்பி அந்தப் பெண் வேண்டாமென்று, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலையிலிருந்த மாரீஸ்வரியைக் கட்டிக்கொண்டார். பெண்வீட்டார் வாசலில் நின்று அண்ணன் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமில்லை. அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

போன பங்குனியில் மாரீஸ்வரி இறந்துபோனாள். அண்ணன் சுடுகாட்டுக்கு வந்தார். ஓரமாக நின்றார். தீ வைத்ததும் போய்விட்டார்.

ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மற்ற நாட்களில் சங்கிலிப்பாண்டி ஷிப்ட் முடிந்து வந்து, காலையில் வடித்த சோற்றையே ராத்திரிக்கும் வைத்துக்கொண்டு, டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். பார்ப்பதற்கில்லை. வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது, தான் யாரிடமும் வாய் திறக்காமல் ஒரு நாள் முழுசாகப் போய்விட்டது என்று தோன்றியது. அன்றைக்குத்தான் அண்ணன் ஞாபகம் வந்தது. அண்ணன் ஒரே ஒரு தடவை "ஏலே" என்று கூப்பிட்டால் போதும் என்று இருந்தது.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். அண்ணனால் தப்பான அளவைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வாடிக்கைக்காரர் பழைய கம்பி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவராவிட்டால் திருப்பி அனுப்புகிற ஆள். கம்பியை வளைவின் உள்பக்கத்திலிருந்து மரை முனை வரைக்கும் அளக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்து அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிவிடும். அதன்படி வாங்கினால் கம்பி, அதை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தும். சின்ன வயசில் தம்பி இப்படி அளந்தபோதெல்லாம் அண்ணன் ஸ்கேலாலேயே முட்டியில் தட்டி, "ஏலே" என்று திட்டியிருக்கிறார். சரியான அளவு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. சங்கிலிப்பாண்டி முந்நூறு கேட்பதென்று முடிவு செய்தார். மாதிரிக் கம்பியை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

கடையில் அண்ணன் ஒரு ரிம்மைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் மதினி பரிபூரணம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு.

"வாங்க கொழுந்தனாரே," என்றாள் மதினி. அண்ணன் நிமிரவில்லை. சுற்றும் ரிம்மைப் பார்த்தபடியே, "என்ன வேணுமாம்னு கேளு," என்றார்.

"என்ன வேணும்னு கேக்காரு."

"பின்வீலு கம்பி வேணும் மதினி. நாப்பது."

"நாப்பது கம்பி வேணுமாம்."

என்ன வண்டி என்று கேட்கச் சொன்னார் அண்ணன். மதினி கேட்டாள். இருபத்தெட்டு இஞ்ச் வண்டி என்று தம்பி சொன்னார். அதையும் மதினி திரும்பச் சொன்னாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு? நடுவுல நான் என்ன மைக் செட்டா?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. பரிபூரணம் வெண்டைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கடையில் இருவர் மட்டும். ரிம் சுற்றி நின்றது. சங்கிலிப்பாண்டி, சுவரில் தொங்கிய டியூப்களைப் பார்த்து, "முந்நூறு அளவுல நாப்பது," என்றார். தன் குரல் தனக்கே அந்நியமாகப் பட்டது.

அண்ணன் எழுந்து உள்ளே தகர டப்பாக்களைத் தள்ளி ஒரு கம்பிக் கட்டை எடுத்தார். எண்ணினார். ரப்பர் பேண்ட் போட்டார். கட்டைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

அண்ணன் கட்டைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

"முந்நூறு ஆகாது சார். டியூபக் குத்திரும்."

சங்கிலிப்பாண்டி டியூப்களை விட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"வெளிவளைவுல வச்சு அளந்திருப்பீங்க. உள்வளைவுல வச்சு அளக்கணும். இந்த ரிம்முக்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டுதான் சார்."

தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிண்ணே."

அண்ணன் கை ஒரு கணம் நின்றது. பிறகு வேறு கட்டை எடுத்து எண்ணத் தொடங்கினார். "நிப்பிளும் புதுசு போட்டுக்கிடுங்க. பழசு மரை தேஞ்சிருக்கும்."

"குடுங்கண்ணே."

"அடுத்த தடவ மாதிரி ஒண்ணு கையோட கொண்டாந்துருங்க."

மதினி சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் உடனே அவள் பக்கம் திரும்பி, "அவருக்குப் பில்லப் போடு," என்று சொல்லிவிட்டு ரிம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் மதினி. சங்கிலிப்பாண்டி அண்ணன் முதுகைப் பார்த்தார். முதுகு அசையவில்லை. வேலை கிடக்கிறது மதினி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அண்ணன் குரல் கொஞ்சம் கரகரத்துவிட்டது. மூச்சும் வாங்குகிறது. அத்தனை வார்த்தை பேசினார், அத்தனையும் யாரோ ஒருவருக்கு. ஆனாலும் அடுத்த தடவை என்றாரே. கம்பி வாங்க வருகிற எல்லாரிடமும் சொல்கிற வாடிக்கைப் பேச்சுதான் அது. தெரிந்தும் அவர் மனம் அதை விடவில்லை.

மத்தியானம் வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பழைய கம்பிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைக் கோத்தார். அளவு மிகச் சரியாக இருந்தது. ஒரு முனைகூட நிப்பிளுக்கு வெளியே தலை நீட்டவில்லை. கடைசிக் கம்பிக்கு வந்ததும் கை நின்றது. இதைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் இரண்டொரு மாதத்தில் முறியும். அப்போது மாதிரிக் கம்பியோடு போய் நிற்கலாம். நிப்பிள் திருகும் சாவியை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அந்த ஒரு கம்பியால் ரிம் லேசாக நெளிந்து ஓடியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. சாவியை எடுத்து அரைச் சுற்று முறுக்கினார். பிறகு இன்னும் கால் சுற்று.

ரிம் நேராக ஓடியது. இனி இரண்டு மூன்று வருஷத்துக்கு இந்தச் சக்கரத்தில் ஒரு கம்பியும் முறியாது.